கேஸ் இல்ல, தவளை!

செல்வக்கனி டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு ஆர்டராக வந்தது. தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் அச்சகத்தில் இப்போது புத்தகம், நோட்டீஸ் எல்லாம் குறைந்துவிட்டது. பேனர்தான் சோறு போடுகிறது. அன்று காலை கடையைத் திறந்து மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. டீச்சரின் படம். அதன் கீழே ‘கண்ணீர் அஞ்சலி, பெரிய சைஸ், அர்ஜென்ட்’ என்று இருந்தது. அனுப்பியவன் யார்டுக்காரரின் ஆள்.

யார்டுக்காரர் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விம்கோ நகருக்குப் பின்னால், எங்கள் தெருவை ஒட்டி இருக்கும் சுண்ணாம்புக் குட்டையை மண்ணடித்து மூடி, கன்டெய்னர் நிறுத்தும் இடமாக்கப் பல வருடமாக அலைகிறவர். அந்தக் குட்டைக்காகக் கடைசிவரை அவரை எதிர்த்து நின்றவர் டீச்சர். நான் உடனே அந்த ஆளுக்குப் போன் செய்தேன்.

“தம்பி, இது நெஜமா?”

“ஆமாண்ணே, ஹார்ட் அட்டாக்காம். பாவம். அண்ணன் பெருசா போடச் சொல்ட்டாரு. ‘இயற்கையின் தாயே’ன்னு மேல போட்டுடுங்க. அண்ணன் போட்டோவ ரவுண்டு கட்டி சைடுல வெச்சிடுங்க. ஒரு தவளையும் போட்ருங்க.”

வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்தேன். வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இன்னும் அது தொங்குகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருந்தவரை ‘தவளைப் பைத்தியம்’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய், இப்போது தாயே என்று கும்பிடுகிறது. பேனரில் இருக்கும் தவளை பச்சை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக எந்த நாட்டுக் காட்டிலோ மரத்தில் வாழ்வது. எங்கள் குட்டைத் தவளையின் படம்கூடக் கிடைக்காத அளவுக்கு அவர்களுக்கு டீச்சர் மேல் அன்பு. அவரைத் தெரிந்தவர்கள் நீங்கள். அந்தப் பேனர்தான் செல்வக்கனி என்று நாளைக்கு யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது எங்கள் தெருவே ஓடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில். எங்கள் தெருவின் ஒரு பக்கம் மூடிப்போன பழைய ஆலையின் மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் சுண்ணாம்புக் குட்டை. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் காய்ந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும். காற்று திரும்பினால் சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் கேஸ் வாடை வரும். மழை நேரத்தில் இன்னும் கூடுதலாக வரும், ஏனென்று கேட்டால் யாரும் பதில் சொன்னதில்லை. வாடை அடித்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய் நிற்பது எங்களுக்குப் பழக்கம். மற்ற ஊர்களில் மழை வந்தால் துணி எடுக்க ஓடுவார்கள்.

அந்த வருடத்து முதல் பெருமழை விட்டதும் வாடை வந்தது. கூடவே தரைக்குள்ளிருந்து தவளைகளும் வந்தன. ஒன்றிரண்டு இல்லை. குட்டைப் பக்கத்து மண்ணையெல்லாம் பிளந்துகொண்டு, போண்டா போல உருண்டையாக, குட்டையான கால்களோடு ஏறி வந்தன. வாசலில், குடத்தடியில், செருப்புக்குள், எங்கு பார்த்தாலும் அவைதான். நாங்கள் யாரும் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. மீன் விற்கும் கஸ்தூரி, தெருவிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான், வாசலில் நின்று கத்தினாள்.

“அய்யய்யோ, பூமிக்குள்ளயே கேஸ் பூந்துகினு கீது! அதான் தவளையெல்லாம் தப்பிச்சு ஓடியாருது! புள்ளைங்களத் தூக்குங்க!”

அவ்வளவுதான். தெரு முழுக்க ஓடியது, நானும் என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குட்டை ஓரத்தில் ஒரு பெண் மட்டும் முழங்கால் வரை சேற்றோடு, கையில் ஏதோ மைக்கோடு நின்றிருந்தார். மழைக்கோட்டுக்கு மேல் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து வழி மறித்தார்.

“என்னத்துக்கு ஓடுதிய? கேஸ் இல்ல, தவளை!”

“தவளைன்னு எங்களுக்குத் தெர்லியா? எதுக்கு வெளிய வருது, அத்தச் சொல்லு!” என்றாள் கஸ்தூரி.

“கல்யாணத்துக்கு வருதும்மா. வருசம் பூரா மண்ணுக்குள்ள கெடந்துட்டு, மொத மழைக்கு ஜோடி தேடி வெளிய வருது. மிதிக்காம நின்னாப் போதும்.”

கஸ்தூரி மூக்குத் துணியை இறக்கினாள். “கல்யாணமா? நம்ம வூட்டாண்ட கல்யாணம், நம்மளயே கூப்டல பாரேன்” என்றாள். யாரோ சிரித்தார்கள். அதோடு ஓட்டம் நின்றது. அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாக நின்று கேட்டோம். குட்டை முழுவதும் ஒரே கத்தல், பக்கத்தில் பேசுவது காதில் விழவில்லை. கஸ்தூரி அவற்றுக்குப் போண்டாத் தவளை என்று பேர் வைத்தாள். டீச்சர் சொன்ன விஞ்ஞானப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அவர் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர் என்று. அப்பா காலத்தில் தெற்கேயிருந்து வந்து தண்டையார்பேட்டையில் பருப்பு மொத்தக்கடை வைத்த குடும்பம். கடை என் அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. கோபம் வந்தால் மட்டும் அவர் பேச்சில் தெற்கத்தி வாடை முழுசாக வரும், ஆகவே பெரும்பாலும் தெற்கத்தியாகத்தான் பேசினார். அந்த ஓட்டத்தை நினைத்துத் தெரு பின்னால் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. “எந்த ஊர்லயாவது தவளையப் பாத்து ஜனங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவாங்களா அண்ணே? இவுக முட்டாளில்ல. இப்படிப் பயந்து சாகப் பழக்கி வச்சிருக்கானுவளே, அவனுவ மண்ணாப் போவானுவ” என்றார். அதைவிடக் கெட்ட வார்த்தை அவருக்குத் தெரியாது. தெரியாததற்காக நான் வருந்தியதுண்டு.

அடுத்த வாரமே என் அச்சகத்துக்கு வந்தார், போஸ்டர் போட. இந்தத் தவளை முன்பு இந்தப் பக்கத்தில் எத்தனையோ இடத்தில் இருந்தது, மண் அடிக்க அடிக்க ஒவ்வொரு இடமாக இல்லாமல் போய்விட்டது, அவருக்குத் தெரிந்து இங்கே மிஞ்சியது சுண்ணாம்புக் குட்டை மட்டும்தான் என்றார். நான் தொழில் தெரிந்தவன் அல்லவா, நாலு பேர் பார்க்கும்படி ஒரு அழகான தவளைப் படத்தைத் தேடி எடுத்து வைத்தேன். பார்த்ததும் தள்ளிவிட்டார். அவர் கொண்டு வந்த படத்தில் அது சேறு பூசிய ஒரு கல் போல உட்கார்ந்திருந்தது. எந்தப் பக்கம் முகம் என்றே எனக்குப் புரியவில்லை.

“டீச்சர், இதைப் பாத்து யாரு மனசு எறங்குவாங்க?” என்றேன்.

“அழகா இருந்தாத்தான் காப்பாத்துவாங்கன்னா, நம்ம தெருவுல ஒருத்தரும் தப்ப மாட்டோம் அண்ணே. இதையே போடுங்க.”

அதையே போட்டேன். திருவொற்றியூர் தேரடியிலிருந்து எண்ணூர் போகும் வழியெல்லாம் ஒட்டினோம். ‘இது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்’ என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தார். இரண்டே நாளில் யாரோ கிழித்தார்கள். திரும்பவும் ஒட்டினோம்.

தெரு ஒன்றும் ஒரே நாளில் அவர் பக்கம் வந்துவிடவில்லை. தேரை மோந்தால் குழந்தை மெலிந்துபோகும் என்று எங்கள் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. கஸ்தூரியின் சின்னப் பையன் அப்போது எலும்பும் தோலுமாக இருப்பான், எப்போதும் இருமிக்கொண்டிருப்பான். அவளுக்குத் தவளையும் ஒன்றுதான், தேரையும் ஒன்றுதான். ஒரு கிண்ணம் கல்லுப்பை வாசலில் வைத்திருப்பாள், பக்கத்தில் வந்தால் மேலே வீச. உப்பு பட்டால் அது துடித்துச் சாகும். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். அவர் சத்தம் போடுவார் என்று நான் பயந்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டு அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

“கஸ்தூரி, இவன் சன்னல் கட்டையத் தொடச்சுட்டு வா” என்றார். அவள் துடைத்துக் கொண்டுவந்த துணியில் கறுப்பாகச் சாம்பல். தினமும் துடைக்கிறாள், தினமும் அவ்வளவு.

“தேரை இவனை மோந்துச்சோ என்னவோ எனக்குத் தெரியாது. இதை இவன் தெனமும் மோந்துக்கிட்டு இருக்கான், அது தெரியுது. அந்தத் தவளைக்கும் இதேதான். அதுக்குத் தோல்தான் மூக்கு. உனக்காவது துணி கட்டிக்கிடலாம், அது எதக் கட்டும்? உப்ப எறியணும்னா அங்க எறி, அந்தப் புகைக்குழாய் வச்சிருக்கான் பாரு, அவன் மேல.”

கஸ்தூரி அந்தத் துணியைச் சுருட்டி ஓரமாக எறிந்தாள். பிறகு, “டாக்டராண்ட நீயும் வர்றியா?” என்றாள். இரண்டு பேருமாகப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பல மாதம் போனார்கள். பையன் தேறிவிட்டான், இருமல் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. கிண்ணத்து உப்பு கருவாட்டுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு தெருவுக்கு ஒரு வேலை வந்தது. மழை பெய்த சாயங்காலங்களில் குட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சமையலுக்கு நடுவே சன்னலில் போனை நீட்டி, தவளைச் சத்தத்தைப் பதிந்து டீச்சருக்கு அனுப்ப வேண்டும். எத்தனை தவளை என்று எண்ண வேண்டாம், பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம். சத்தத்தை அனுப்பினால் போதும். கணினியில் போட்டுப் பார்த்தால் கத்துவது எந்த வகை, கூட்டம் எவ்வளவு என்று அவர் கணித்துவிடுவார். முதல் வருடம் எங்கள் தெருப் பெண்கள் அவரைப் படுத்தியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒருத்தி மோட்டார் சத்தத்தை அனுப்பினாள். ஒருத்தி அனுப்பியது முழுக்கத் தொலைக்காட்சித் தொடரின் மாமியார் சண்டை, பின்னணியில் இரண்டு தவளை. ஒருத்தி புருஷன் குறட்டையை வேண்டுமென்றே அனுப்பி, ‘இது இன்னா ஜாதித் தவளை டீச்சர்?’ என்று கேட்டாள். ‘இது அழியாத இனம், விட்டுரு’ என்று பதில் வந்தது.

ஒரு மழையன்று கஸ்தூரி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகம் சரியில்லை. “மழை கொட்டிகினு கீது, ஒண்ணு கூட கத்தல. டீச்சருக்குப் போன் போடு” என்றாள். போட்டேன். கல்லூரியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார். குட்டையில் தண்ணீர் நிறைந்திருந்தது, மேலே ஒருவித எண்ணெய்ப் பளபளப்பு. பகலில் ஒரு டேங்கர் லாரி வந்து குழாயைக் குட்டையில் விட்டிருந்ததைப் பையன்கள் பார்த்திருக்கிறார்கள். கரையோரமாக எல்லாம் செத்து மிதந்தன, ஜோடியாகச் சேர்ந்தபடியே மிதந்தன. டீச்சர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். அழவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றி, “டீச்சர், விடுங்க” என்றேன்.

“விடச் சொல்லாதீங்க அண்ணே. இத்தன வருசம் விட்டு விட்டுத்தான் இங்க வந்து நிக்கி.”

மறுநாள் அந்த வாளியோடு அவரும் கஸ்தூரியும் நானும், இந்த மாதிரி விஷயங்களைக் கவனிக்க வேண்டிய ஓர் அலுவலகத்துக்குப் போனோம். உட்காரச் சொன்னார்கள், டீ வரவழைத்தார்கள். டீச்சர் நாற்காலியிலும் உட்காரவில்லை, டீயையும் தொடவில்லை. ‘அவுக டீயக் குடிச்சா நம்ம கோவம் ஆறிரும்’ என்பது அவர் வைத்திருந்த சட்டம். நானும் கஸ்தூரியும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்த டீ ஆறிப்போனது. டேங்கர் எண் தெரியுமா என்றார்கள். தெரியாது என்றோம். அப்படியானால் நடவடிக்கைக்கு வழியில்லை என்றார்கள். வாளியை எடுத்துக்கொண்டு போங்கள், நாற்றம் அடிக்கிறது என்றார்கள். இந்த ஊரில் நாற்றம் அடிக்கிறது என்று நாங்கள் புகார் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிறது. அவர்களுக்கு அன்றுதான் முதல்தடவை அடித்தது.

ஆனாலும் எல்லாம் சாகவில்லை. குட்டையின் மேட்டுப் பக்கத்தில் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டவை அடுத்த மழைக்குக் கத்தின. தெருவில் அன்று பாயசம் வைத்தார்கள். டீச்சர் இரண்டு டம்ளர் குடித்தார்.

யார்டுக்காரர் குட்டையைக் கேட்டு முறையாக விண்ணப்பித்தது அதற்குப் பிறகுதான். அங்கே நீர்நிலையும் இல்லை, உயிரினமும் இல்லை என்பது அவர் வாதம். இருக்கிறது, மழையில் வந்து பாருங்கள் என்பது டீச்சரின் மனு. ஆராய்ச்சியையும் தெருப்பெண்களின் ஒலிப்பதிவுகளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். எப்போது வந்தார் தெரியுமா? அக்னி நட்சத்திரத்தில். குட்டை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குடைபிடிக்க ஒருவர், இளநீர் ஏந்த ஒருவர். பையன்கள் நட்ட ஸ்டம்பைக் காட்டி, “இது பிளே கிரவுண்டும்மா” என்றார் அதிகாரி. யார்டுக்காரர் பக்கத்தில் நின்று பணிவாகத் தலையாட்டினார்.

டீச்சர் கைக்கொத்தை எடுத்து மேட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தோண்டினார். வெயிலில் அத்தனை பேரும் நின்று பார்த்தோம். முழங்கை போகிற ஆழத்தில் கையைவிட்டு ஒரு மண்ணுருண்டையை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். உருண்டைக்குக் கண் திறந்தது. அதிகாரி இரண்டடி பின்னால் போய் இளநீர்க்காரர் மேல் மோதிக்கொண்டார். பிறகு தேறிக்கொண்டு, “சரிம்மா, ஒண்ணுதானே கெடச்சுது?” என்றார்.

“நீங்களும் ஒருத்தர்தான் சார் வந்திருக்கிய. அதுக்காக ஒங்க ஆபீசே காலின்னு நான் எழுதிக் குடுக்கட்டுமா?”

தெரு கைதட்டியது. எங்களுக்குக் கைதட்டத்தான் தெரியும். அதிகாரியின் அறிக்கை ‘உயிரினம் எதுவும் குறிப்பிடும்படி இல்லை’ என்று வந்தது. டீச்சர் மழைக்காலத்தில் மறு ஆய்வு வேண்டும் என்று கேட்டு மேலே போனார். அங்கே போ, இங்கே போ, அவர் லீவில் இருக்கிறார், இவர் மாறிவிட்டார், நகல் இல்லை, நகலில் முத்திரை இல்லை. கல்லூரி முடிந்து பாரிமுனையில் இருக்கும் அலுவலகங்களுக்குப் பஸ் ஏறி, நின்றுகொண்டே காத்திருந்துவிட்டுத் திரும்புவார். நெஞ்சில் வலி இருப்பதாகக் கஸ்தூரியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வா என்று அவள் கூப்பிட்டபோது, மறு ஆய்வு உத்தரவு கைக்கு வரட்டும் என்றாராம். புரட்டாசி முடியும் நேரத்தில் உத்தரவு கைக்கு வந்தது. அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது விழுந்திருக்கிறார்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். அவரால் அதைத்தான் எழுத முடியும். ஓர் ஆளை இருக்கையில்லாத தாழ்வாரங்களில் மாதக்கணக்கில் நிற்கவைத்தால் வரும் சாவுக்கு மருத்துவத்தில் பெயர் கிடையாது. பெயர் கிடையாது என்பதற்காக யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. அவரைத் திருப்பி அனுப்பிய ஒவ்வொருவர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது, பல நாள் கூடப் போனவன் நான்.

கல்லறையில் மண் போடும்போது யார்டுக்காரரும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில். என் தோளில் கைவைத்து, “குட்டையில நம்ம யார்டு வரும்போது ஒரு ஓரமா தவளைப் பூங்கா கட்டி அவங்க பேரை வெக்கிறேன் நைனா. சிமெண்ட்ல பெரிய தவளை, வாயிலேர்ந்து தண்ணி வரும், லைட்டு எரியும்” என்றார். மனதார அன்போடுதான் சொன்னார் என்பதுதான் கொடுமை. உயிருள்ளதை மண்ணடித்து மூடிவிட்டு, அதே இடத்தில் அதற்குச் சிலை வைப்பதில் அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அவர் கையைத் தோளிலிருந்து எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

ஐப்பசி மழை அடுத்த வாரம் பிடித்தது. மறுநாள் காலை டீச்சரின் தம்பி பருப்புக்கடையிலிருந்து நேராக என் அச்சகத்துக்கு வந்தார். கையில் டீச்சரின் போன்.

“அண்ணாச்சி, அக்கா போனு நேத்து சாயங்காலத்துலேர்ந்து நிக்காம கத்திக்கிட்டுக் கெடக்கு. ஒண்ணத் தொட்டேன், ஒரே தவளைச் சத்தம். அம்மா பயந்துட்டாவ. என்ன செய்யணும்?”

வாங்கிப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அனுப்பியிருந்தார்கள். கேட்க ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாதா? அவர்களில் பாதிப் பேர் கல்லறைக்கு வந்து மண் போட்டவர்கள். மழை பெய்தது, தவளை கத்தியது, அனுப்பினார்கள். கஸ்தூரியின் பதிவில் தவளைச் சத்தத்துக்கு நடுவே, “டீச்சர், எல்லாம் நல்லா கீதுங்க” என்று அவள் குரலும் கேட்டது. பட்டப்பகலில், வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். போனை அணைக்க வேண்டாம் என்று மட்டும் தம்பியிடம் சொன்னேன்.

மறு ஆய்வு நாள் வந்தது. உத்தரவு இருந்ததால் வராமல் இருக்க முடியவில்லை. அதே அதிகாரி, இந்த முறை குடை நிஜ மழைக்கு. காலையிலிருந்து விடாத தூறல், சாயங்காலத்துக்குள் குட்டை ததும்பிவிட்டது. போண்டாத் தவளைகள் மொத்தமும் வெளியே வந்திருந்தன. கன்னத்தைப் பந்துபோல ஊதிக்கொண்டு அவை போட்ட சத்தத்தில் அதிகாரி உதவியாளரின் காதருகே கத்திப் பேச வேண்டியிருந்தது. இனி என்ன சொல்வார், தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாரே என்று நான் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். அவர் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“மனுதாரர் யாரு? வந்திருக்காங்களா?”

“எறந்துட்டாங்க சார்” என்றேன்.

“என்னாது?”

“எறந்துட்டாங்க!” என்று கத்தினேன்.

அவர் தலையை ஆட்டினார். உச்சுக்கொட்டினார். பிறகு பேனாவைத் திறந்து, “மனுதாரர் இல்லேன்னா மனு முடிஞ்சுதுப்பா. க்ளோஸ் பண்ணிடறேன்” என்றார். அவர் காலுக்குப் பக்கத்தில், ஷூவை ஒட்டி, ஒரு ஜோடித் தவளை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் உயிரினம் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், ஓர் உயிர் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

கஸ்தூரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவருக்கும் வண்டிக்கும் நடுவே நின்றாள். “இன்னா சார் முடிஞ்சுது? டீச்சர் பூட்டா தவளையும் பூடுச்சா? அதோ கத்திகினு கீதே, உன் காதுல வுழலியா? என் பேரப் போடு. கஸ்தூரி. மீன் யாவாரம். நான்தான் மனு.” அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி தன் பேரைச் சொன்னாள். அப்புறம் மோட்டார் சத்தத்தை அனுப்பியவள் சொன்னாள். புருஷனை அனுப்பியவளும் சொன்னாள், புருஷனையும் பிடித்து இழுத்துவந்து சொல்லவைத்தாள். அதிகாரி பேனாவை மூடினார். புதிதாகக் கொடுங்கள், பார்க்கலாம், அதுவரை அப்படியே இருக்கட்டும் என்றார். அவர் வாயிலிருந்து வந்த ‘அப்படியே இருக்கட்டும்’ என்ற இரண்டு வார்த்தைதான் இப்போதைக்குக் குட்டையின் ஆயுள்.

இப்படிப்பட்ட கட்டுரையை ஆன்மா சாந்தியடையட்டும் என்று முடிப்பது வழக்கம். செல்வக்கனி டீச்சர் சாந்தியடைய வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. அவர் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. அவர் வீட்டார் புத்தகங்களைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள், ஒலிக்கருவியை அவர் மாணவிகள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று தம்பி கேட்டார். எனக்கு அவருடைய மனு வேண்டும் என்றேன். அதை வார்த்தை மாற்றாமல் என் அச்சகத்திலேயே அடித்தேன், அவர் கோபத்தில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கவில்லை. மனுதாரர் என்ற இடத்தில் மட்டும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு போய்க் கையெழுத்து வாங்கினேன், கஸ்தூரியிலிருந்து கடைசி வீடு வரைக்கும். அவர்கள் இனி மனுதாரர் செத்துவிட்டார் என்று எழுதி மூட வேண்டுமென்றால், முதலில் எங்கள் தெருவையே கொல்ல வேண்டும்.